நீராவி ரயிலில் கூட்டம் எப்படி?

ஓசூரில் இருக்கும் என் மகள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் போன் செய்வாள். முதலில் "சாப்டியாபா?" என்பாள். அடுத்து, "இன்னிக்கு கூட்டம் எப்படி?" என்பாள். நான் "பரவால்லமா" என்பேன். சில வாரம் அது நிஜமாக இருந்தது. சில வாரம் இல்லை.

அவள் விசாரித்தது செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடிய நீராவி ரயிலைப் பற்றி. எங்கோ துருப்பிடித்துக் கிடந்த பழைய கரி இன்ஜின் ஒன்றைச் சரிசெய்து, அதன் பின்னால் சில பெட்டிகளைக் கோத்து, ஒரு சுற்றுலா நிறுவனம் அதை நடத்தியது. நான் அதில் பெட்டி துடைக்கிறவன். கரி இன்ஜின் என்றால் புகையோடு கரித்தூளும் வரும். ஜன்னல் கட்டையிலும் இருக்கையிலும் அது வந்து உட்கார்ந்துகொண்டே இருக்கும். நான் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

என் மனைவி ரயில் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய ஐப்பசியில் இறந்துபோனாள். காரியம் முடிந்த அன்றே மகள், "வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடுபா" என்றாள். நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அந்த மாதிரிதான் எனக்கு எல்லாமே இருந்தது. அழுகை வரவில்லை. பசியும் பெரிதாக இல்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி ஓடும். அந்தச் சத்தம் எப்போது நின்றது, எப்போது தொடங்கியது என்பதுகூட எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அதுவரை ஒரு பட்டுக்கடையில் வேலை பார்த்தேன். விற்கிற வேலை இல்லை. எனக்கு யாரிடமும் பேச வராது. விற்பனையாளர்கள் வாடிக்கையாளர் முன்னால் புடவைகளை விசிறிப் போடுவார்கள். அவர்கள் எழுந்து போன பிறகு அந்தக் குவியலை மடித்து அடுக்குவது என் வேலை. பள்ளிக்கூடம் முடித்த வயதிலிருந்து அதைத்தான் செய்தேன். மனைவி போன பிறகு ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. முதலாளி இரண்டு முறை ஆள் விட்டு, "எப்ப வேணா வரச்சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். ஆளிடம் தலையாட்டினேன், அவ்வளவுதான்.

ரயில் வேலையைச் சொன்னவர் எதிர்வீட்டுக்காரர். "இன்னாபா, செவுத்தையே பாத்துக்கினு உக்காந்தா செவுரு எதனா பேசுதா? ஞாயித்துக்கெழம ஒரு நாளு வேல. பேசவே தேவையில்ல. தொடச்சா போதும்" என்றார். பேசவே தேவையில்லை என்றதால் போனேன். மகளிடம் சொன்னேன்.

"சரி. ரயிலு ஓடுற வரைக்கும் அங்க இரு. ஆளில்லன்னு நிறுத்திட்டாங்கன்னா மறுபேச்சு பேசாம இங்க வந்துடணும். சரியா?"

"சரிமா."

அப்படித்தான் நான் வீட்டில் இருப்பதும் இல்லாததும் அந்த ரயிலில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதோடு சேர்ந்துகொண்டது. இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததா என்று கேட்டால் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் செங்கல்பட்டில் ஆட்கள் ஏறும்போது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தை மாதம் ஓட ஆரம்பித்தபோது இடம் கிடைக்கவில்லை. புதுசு என்பதால் வந்த கூட்டம் அது. சென்னையிலிருந்து கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் கரித்தூள் படிந்த விரலால் ஒருவர் மூக்கை ஒருவர் தொட்டு விளையாடினார்கள். பெரியவர்கள், "அந்தக் காலத்துல இதுலதான் மெட்ராசு போவோம்" என்று யாரும் கேட்காமலே சொன்னார்கள். மாசி பாதியில் அந்தக் கூட்டம் வடிந்துவிட்டது. ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வரவில்லை.

ரயிலுக்குப் பொறுப்பாக ஒரு தம்பி இருந்தார். சென்னைப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. என்னை அண்ணா என்பார். கூட்டம் குறைந்ததும் அவருக்கு இரண்டு கன்னமும் ஒட்டிவிட்டன. டிக்கெட் விலையைக் குறைத்துப் பார்த்தார். சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்துப் போட்டார். அவற்றை ஏராளமான பேர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஏறவில்லை.

அதற்குக் காரணம் எங்கள் எல்லோருக்குமே தெரிந்ததுதான். வழியில் ஒவ்வொரு ரயில்வே கேட்டிலும் ஜனம் நிற்கும். பாலூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் பைக்கை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு காத்திருப்பார்கள். தாத்தா, பேத்தி, கைக்குழந்தை எல்லாம் இருக்கும். இன்ஜின் ஊதினால் கத்துவார்கள், கை ஆட்டுவார்கள், படம் எடுப்பார்கள். அப்புறம் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ரயிலுக்குள் உட்கார்ந்தால் இன்ஜின் தெரியாது. சத்தம் கேட்கும், நாற்றம் வரும், கண்ணில் தூசி விழும். பார்ப்பதற்கு அது மற்ற ரயில் மாதிரிதான். இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்றால் வெளியேதான் நிற்க வேண்டும். வெளியே நிற்பதற்கு டிக்கெட் கிடையாது.

இன்ஜின் ஓட்டியவர் ஓய்வு பெற்ற பிறகு திரும்பக் கூப்பிடப்பட்டவர். டீ குடிக்கும்போது அந்தத் தம்பியைச் சீண்டுவார்.

"தம்பி, நீ ஒண்ணு பண்ணு. ரயில நிறுத்தி வச்சிட்டு ஜனங்கள ஓட வுடு. அப்ப எல்லாரும் டிக்கெட் வாங்குவாங்க."

"சார், நானே நொந்து போயிருக்கேன் சார்."

"நொந்துக்காதப்பா. வளைவு வருதுல்ல, அங்க மெதுவா வுடுறேன். ஜன்னல்ல எட்டிப் பாத்தா இன்ஜின் மூஞ்சி தெரியும்."

சொன்னபடி அந்த ஒரு வளைவில் மெதுவாக விடுவார். எல்லோரும் ஒரு பக்கமாக ஓடி வந்து எட்டிப் பார்ப்பார்கள். நான் மட்டும் அந்த நேரத்தில் மறுபக்கத்து இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஆள் எழுந்தால்தானே துடைக்க முடியும்.

இன்னொரு சங்கடம் நேரம். இந்தத் தடத்தில் வழக்கமான மின்சார ரயில்கள் போய்வர வேண்டும். அவற்றுக்கு நடுவில் எங்களுக்குக் கிடைத்த இடைவெளியில் கிளம்பி, வழியில் நின்று நின்று காஞ்சிபுரம் வந்து சேரும்போது உச்சிவேளை ஆகிவிடும். ஊரில் எல்லாக் கோயிலும் நடை சாத்துகிற நேரம். ஆட்டோவில் பறந்து போனவர்கள் கதவு மூடுவதைப் பார்த்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு நடை திறக்கும். எங்கள் ரயில் அதற்கு முன்பே திரும்பிப் புறப்பட்டாக வேண்டும். கோயில் ஊருக்கு வந்து ஒரு சாமியையும் பார்க்காமல் திரும்பிய ஜனத்தை நான் வாராவாரம் பார்த்தேன். வைகாசியில் கருட சேவை வந்த ஞாயிறு ஊரே நெரிந்தது. எங்கள் ரயில் மட்டும் காலியாக வந்தது. சாமி விடியற்காலையில் புறப்படுகிறார். அதைப் பார்க்க வேண்டியவர்கள் முதல்நாளே வந்துவிட்டார்கள். நாங்கள் வந்தபோது தெருவில் செருப்பும் வாழை இலையும்தான் கிடந்தன. தம்பி நேரத்தை மாற்றச் சொல்லி ரயில்வேக்குப் பலமுறை மனுக் கொடுத்தார். வேறு இடைவெளி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மத்தியானத்தில் கதவு திறந்திருப்பது பட்டுக்கடைகள் மட்டும்தான். ஏசியும் இருக்கும். அதனால் தம்பி கடைசியில் அந்தப் பக்கம் போனார். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள் ரயிலில் வரட்டும், ஸ்டேஷனிலிருந்து கடைக்கு வண்டி, சாப்பாடு, திரும்ப ரயில் என்று ஒரு கடையோடு பேசி ஏற்பாடு செய்தார். நான் வேலை பார்த்த கடை இல்லை, வேறொன்று. இது எடுபட்டது. முகூர்த்தப் புடவை எடுப்பது என்றால் இரண்டு பேர் போவதில்லை. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று பெட்டி நிறைய வந்துவிடுவார்கள். வைகாசிக் கடைசியில் முதல் கூட்டம் ஒன்று ஏறக்குறைய ஒரு பெட்டியையே எடுத்துக்கொண்டது. அடுத்தடுத்த வாரங்களுக்கும் வேறு குடும்பங்கள் விசாரித்திருந்தன. தம்பி அன்று காலையில் என் தோளைத் தட்டி, "இவங்க மட்டும் சந்தோஷமா போயிட்டாங்கன்னா போதும்ணா. ஓடிடும்" என்றார்.

சந்தோஷமாகத்தான் வந்தார்கள். கல்யாணப் பெண்ணின் அத்தை ஒருவர் இருந்தார். வயது அறுபதுக்கு மேல், முழங்கால் வலி, வாய் மட்டும் ஓயாது. வண்டி கிளம்பியதும் வெளியே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உங்க மாமா பீடி புடிச்சா இப்டிதான் புகை வரும். வேகமும் இவ்ளோதான்."

பெட்டியே சிரித்தது. அந்த மாமாவும் சிரித்தார். நான் ஜன்னல் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு எனக்குக் கேட்டது. அவ்வளவுதான்.

திரும்பும்போது எல்லோர் மடியிலும் பை. முகூர்த்தப் புடவைப் பை பெண்ணின் அம்மா மடியில் இருந்தது. வாலாஜாபாத் தாண்டியதும் அத்தை கையை நீட்டினார்.

"எடு, பாக்கலாம்."

"வீட்ல போய் பாக்கலாம் அண்ணி. இங்க எதுக்கு?"

"கடையில நான் கீழ உக்காந்துட்டேன், நீங்க மாடியில எடுத்துட்டீங்க. நான் பாத்தேனா? வீட்ல டியூப் லைட்டு. அதுல பச்சையும் நீலமும் ஒண்ணுதான். பட்டுன்னா பகல் வெளிச்சத்துல பாக்கணும். எடுன்றேன்ல."

அது சரிதான். எங்கள் கடையிலும் விவரம் தெரிந்தவர்கள் புடவையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். அம்மா தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர், நல்ல ஜரிகை. அத்தை அதை ஜன்னலோரம் பிடித்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து மடியில் விரித்தார். எதிரிலும் பக்கத்திலும் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு முனை பிடித்தார்கள். ரயில் அப்போது பழையசீவரம் பக்கம் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. மேடு வந்தால் இன்ஜின் அதிகமாகக் கக்கும்.

எள் அளவு கரித்துகள் ஒன்று ஜன்னல் வழியாக வந்து மஞ்சள்மேல் உட்கார்ந்தது.

அத்தை அதைப் பார்த்துவிட்டார். "அய்யய்ய, கரி" என்று சொல்லிக்கொண்டே விரல் நுனியை நாக்கில் தொட்டு அதைத் துடைக்கப் போனார். கரித்துகளை ஈர விரலால் தேய்த்தால் என்ன ஆகும் என்று வாராவாரம் துடைக்கிற எனக்குத் தெரியும். எள் அளவு இருப்பது விரல் நீளத்துக்கு இழுத்துக்கொள்ளும். நான் இரண்டு இருக்கை தள்ளி நின்றிருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. "தேய்க்காதீங்க!" என்று கத்திவிட்டுக் குனிந்து ஊதினேன். துகள் பறந்துபோனது. மஞ்சள் பளிச்சென்று அப்படியே இருந்தது.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாபா பண்ண நீ?"

"கரிமா. தேய்ச்சா இழுத்துக்கும்."

"முகூர்த்தப் பொடவையில வாய வச்சு ஊதுறியே. எச்சில் படாது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கையே வாயால் ஊதி அணைக்க மாட்டோம். இத்தனை வருஷம் கடையில் இருந்தேன். புடவைமேல் தூசி இருந்தால் கையில் இருக்கும் துணியால் தட்டுவோம். முகூர்த்தப் புடவைமேல் யாரும் ஊதிப் பார்த்ததே இல்லை. ரயிலில் ஊதி ஊதி எனக்கு அது பழக்கமாகியிருந்தது.

பின் இருக்கையிலிருந்து ஒரு வாலிபன், "அத்தே, நீ மட்டும் விரல நாக்குல தொட்டியே, அது இன்னா பன்னீரா?" என்றான்.

"நான் தொடவே இல்லடா. தொடறதுக்குள்ளதான் இவரு ஊதிட்டாரே!"

"தொட்டிருப்பல்ல?"

"தொட்டாலும் நான் அத்தடா. பொண்ணுக்கு அத்த. இவரு யாரு?"

"அண்ணி, வுடுங்க. கோயில்ல வச்சு எடுத்தா சரியாயிடும்" என்றார் அம்மா. ஆனால் அவர் முகம் சரியாக இல்லை. பெண்ணின் அப்பா எழுந்து வந்து, "துணிக்கு ஒண்ணும் ஆவலையே, அப்புறம் இன்னா?" என்றார். "துணியப் பத்தியா பேசறோம்?" என்று இன்னொரு அம்மாள் சொன்னார். கல்யாணப் பெண் போனைக் கீழே வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுப்பாளர் தம்பி அடுத்த பெட்டியிலிருந்து வந்து, என்ன நடந்தது என்று தெரியாமல் "சாரிம்மா, சாரி சார்" என்று எல்லோரிடமும் சொன்னார்.

அத்தை கெட்டவர் இல்லை. வாய் அப்படியே தவிர, மனசில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே சமாதானமாக ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சரி சரி, யாரும் மூஞ்சிய தூக்கி வச்சுக்காதீங்க. பொண்டாட்டி புள்ளயோட நல்லபடியா வாழுற மனுசன் வாயிலேர்ந்து வந்த காத்துதானே. ஆசீர்வாதம் பண்ணதா நெனச்சுக்கலாம்." அப்புறம் என் பக்கம் திரும்பி நல்ல குரலில் கேட்டார், "உன் சம்சாரம் நல்லாக்கீறாங்களாபா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தை அதற்காகத்தான் கேட்டார். தம்பியும் அதற்காகத்தான் என்னைப் பார்த்தார். எனக்கும் அது புரிந்தது.

"இல்லமா. போன ஐப்பசியில தவறிட்டாங்க."

நான் அதை யாரிடமும் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டி வரவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் முன்னாலேயே தெரியும். மகளுக்குச் சொன்னது எதிர்வீட்டுக்காரர். அந்த ரயில் பெட்டியில்தான் முதல்முதலாக என் வாயால் சொன்னேன். ஸ்டேஷன் பெயரைச் சொல்வது போல வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அத்தை மடியில் இருந்ததை மெல்ல இருக்கையில் இறக்கிவிட்டு, பிடித்திருந்த முனையை விட்டார். மற்றவர்களும் விட்டார்கள். புடவை இருக்கையில் பிரிந்தபடி கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. ஜன்னல் திறந்தே இருந்தது, அடுத்த துகள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நான் முதலில் ஜன்னலை இறக்கினேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். அப்புறம் அதை மடித்தேன்.

பார்டரோடு பார்டர் சேர்த்து, ஜரிகை ஜரிகைமேல் உராயாமல் திருப்பி, முந்தானை மேலே வருகிற மாதிரி மடித்தேன். என் கை அதையெல்லாம் மறக்கவில்லை. மனைவி என்னைக் கேலி செய்வாள். போர்வையைக்கூட விற்கிற மாதிரி மடிக்கிறேன் என்பாள். ஐப்பசிக்குப் பிறகு வீட்டில் ஒரு துண்டைக்கூட நான் மடிக்கவில்லை. கொடியிலிருந்து எடுத்து அப்படியே கட்டிக்கொள்வேன். அந்த இருக்கை ஓரத்தில் குனிந்து நின்று மடித்தபோது கை சூடாக இருந்தது. புடவையின் சூடாக இருக்கலாம். வெயில் பட்ட பட்டு.

பையில் வைத்து நீட்டினேன். அம்மா வாங்கத் தயங்கினார். கல்யாணப் பெண் எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். செங்கல்பட்டில் இறங்கிப் போகும்போதும் பை அவள் கையில்தான் இருந்தது. அந்தப் புடவையை அவள் கட்டினாளா, வேறு எடுத்தார்களா, எனக்குத் தெரியாது.

கூட்டம் போன பிறகு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன்ணா? நல்லாக்கீறாங்கன்னு சொல்லியிருக்கலாம்ல? அவங்களே வழி காட்டுனாங்களே."

"வரல தம்பி."

"என்ன வரல?"

நான் துணியை எடுத்து இருக்கையைத் துடைக்கத் தொடங்கினேன். அவர், "சரிண்ணா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் மகள் கேட்டபோது, "வரும்போது நல்ல கூட்டம்மா" என்றேன்.

"போவும்போது?"

"போவும்போதும் அதே ஆளுங்கதான்."

விஷயம் பரவியது. எச்சில் கதை எவ்வளவு தூரம் போனதோ தெரியாது, கரித்துகள் கதை நன்றாகப் போனது. கரி ரயிலில் கல்யாணப் புடவையா என்று விசாரித்த குடும்பங்கள் பின்வாங்கின. தம்பி அதற்கும் ஒரு வழி செய்தார். புடவைகளைக் கடை காரே கண்ணாடி ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவரும், ஜனம் ரயிலில் வரட்டும் என்றார். முகூர்த்தப் புடவையைத் தனியாக யார் அனுப்புவார்கள்? அம்மா காரில் ஏறினார். அம்மா ஏறினால் பெண் ஏறினாள். இன்னும் இடமிருக்கிறதே என்று மாமியும் ஏறினார். இடமில்லாதவர்கள் பஸ்ஸில் போனார்கள். ரயிலில் வந்த கல்யாணக் கூட்டம் ரயிலில் திரும்பவே இல்லை. காலையில் நிறைந்த பெட்டி சாயங்காலம் காலியாகப் போகும். கரித்தூள் மட்டும் வழக்கம்போல வந்து எல்லா இருக்கையிலும் உட்காரும்.

ஆனி முடியும்போது தம்பி சொன்னார். ஆடியில் கல்யாணம் இல்லை, அதற்கு மேல் தாங்காது, இந்த ஞாயிறோடு சரி. கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டே கேட்டேன்.

கடைசி ஞாயிறு காஞ்சிபுரத்திலிருந்து திரும்பும் நேரம் வந்ததும், "நீங்க திரும்ப வர வேணாம்ணா. ஆளே இல்ல. எதுக்கு செங்கல்பட்டு வரைக்கும் வந்து அலையணும்? இங்கயே இறங்கிக்கங்க" என்றார் தம்பி. இன்ஜின்காரர் மேலே நின்றபடி கரி படிந்த கையை ஆட்டினார். "வரேன்பா. இனிமே உன் சட்டையாவது வெள்ளையா இருக்கட்டும்."

நான் ஸ்டேஷனை விட்டு நடந்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் இல்லாவிட்டாலும் ரயில்வே கேட்டுக்குப் போய் நின்றேன். ஏன் என்று தெரியாது. கேட் போட்டிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூட்டம். அன்றோடு நிற்கப்போகிறது என்று தெரிந்து வந்தவர்களும் இருந்தார்கள். என் பக்கத்தில் ஒருவர் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வருதா, வருதான்னு காலையிலேர்ந்து உசுர வாங்கிட்டான்" என்று என்னிடம் சொன்னார். "நீங்க முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"இல்ல. இன்னிக்குதான்."

அது உண்மைதான். அத்தனை மாதம் அதற்குள் இருந்தும் அது ஓடுவதை நான் பார்த்ததே இல்லை.

ஊதியது. ஊதுவது உள்ளே கேட்பது வேறு, வெளியே கேட்பது வேறு. கால் வழியாக ஏறியது. அப்புறம் கருப்பாக, பெரிதாக, சக்கரத்தைச் சுற்றி வெள்ளைப் புகையோடு எங்கள் முன்னால் போனது. குழந்தை பயந்து அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு, விட்டு, மறுபடி பார்த்தது. எல்லோரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை. ஆனால் வாய் திறந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். பெட்டிகள் வந்தன. காலையில் நான் துடைத்த இருக்கைகள் ஒவ்வொன்றாக ஜன்னலில் தெரிந்து போயின. கடைசிப் பெட்டியில் தம்பி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். கேட் திறந்ததும் பைக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின.

சாயங்காலம் போன் வந்தது.

"சாப்டியாபா?"

"சாப்ட்டேன்."

"இன்னிக்கு கூட்டம் எப்படி?"

"இன்னியோட நிறுத்திட்டாங்கமா."

"நிறுத்திட்டாங்களா?" என்றாள். அவளுக்கும் அது சந்தோஷமாக இல்லை என்று தெரிந்தது. பிறகு, "சரி. சனிக்கிழம நானும் உன் மாப்பிள்ளையும் வரோம். துணிமணி மட்டும் எடுத்து வை. மத்தத மெதுவா பாத்துக்கலாம்" என்றாள்.

"வாங்க. சாவி எதிர்வீட்ல இருக்கும்."

"ஏன், நீ எங்க போற?"

"கடைக்கு. சனிக்கிழம கூட்டமா இருக்கும். சாயங்காலம்தான் வுடுவாங்க."

"எந்தக் கடைக்கு?"

"நம்ம கடைக்குதான். நாளையிலேர்ந்து போறேன்."

சொல்வதற்கு முன் நான் அப்படி நினைத்திருக்கவில்லை. சொன்ன பிறகு அதை மாற்றவும் தோன்றவில்லை. அவள் என்னென்னவோ கேட்டாள். உடம்பு தாங்குமா, முதலாளி ஒத்துக்கொண்டாரா, ரயில் நின்றால் வருகிறேன் என்று சொன்னாயே. நான் எல்லாவற்றுக்கும், "வந்து பாரு. வந்து ஒரு நாளு இருந்து பாரு, அப்புறம் சொல்லு" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை சேர்ந்தாற்போல வந்து நாளாகியிருந்தது. அவள் கடைசியில், "சட்டையத் தொவச்சு வை. ரயிலு கரியோட கடைக்குப் போய் நிக்காத" என்றாள்.

மறுநாள் போனேன். முதலாளி, "வா" என்றார், அவ்வளவுதான். விற்பனையாளர் ஒருவர், "ரயிலு வந்துடுச்சுபா, வழி வுடுங்க" என்றார். ஆனிக் கடைசி, ஆடிக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று வந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் பிரித்துப் போட்ட புடவைகள் விரிப்பில் மலைபோலக் கிடந்தன. நான் ஓரமாக உட்கார்ந்து மேலே கிடந்த ஒன்றை இழுத்து பார்டரைச் சேர்த்தேன்.